கடைசி வரிசையின் விலை: பழைய ஏழு இருக்கை வண்டியும் குடும்பக் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர் ஏறக்குறைய 1.85 கோடி வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டுக்குச் சராசரியாக நாலு பேர்கூட இல்லை. அதன் பிறகு வீடுகள் இன்னும் சிறுத்திருக்குமே தவிரப் பெருத்திருக்க வழியில்லை. ஆனால் நாடு முழுவதும் ஏழு இருக்கை கார்களின் விற்பனை ஏறிக்கொண்டே போகிறது. 2024-25 நிதியாண்டில் மாருதி எர்டிகா மட்டும் சுமார் 1.9 லட்சம் விற்று, அதிகம் விற்ற கார்களின் முன்வரிசையில் நின்றது. அதில் ஒரு பங்கு டாக்ஸிக்குப் போனது என்றாலும், மிச்சத்தை வாங்கியவர்கள் இந்த நாலு பேர் குடும்பத்தார்தான். நாலு பேருக்கு ஏழு இருக்கை எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கிறது. தாத்தா பாட்டி வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று மறு தரப்பு திருப்பிக் கேட்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கடைசி வரிசை எப்போதாவதுதான் தேவைப்படும். தேவைப்படும்போது அதற்கு ஈடாக வேறொன்று கைவசம் இருக்காது. அப்படிப்பட்ட வசதிக்குப் புது வண்டியின் முழு விலையைக் கொடுப்பது வீண். முதல் உரிமையாளர் வரியையும் தேய்மானத்தையும் சுமந்து முடித்த பிறகு, செகண்ட் ஹேண்டாக வாங்குவதே இந்த வகை வண்டிக்குப் பொருந்தும் வழி. ஆனால் அது உண்மையில் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்து வாங்கினால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

கார் அடித்தளத்தின் மேல் உயரமான கூடு, உள்ளே மடக்கக்கூடிய இருக்கைகள் என்ற யோசனையை ஐரோப்பாவில் பரப்பியவை 1996-இல் வந்த ரெனோ செனிக்கும், 1999-இல் மூன்றாம் வரிசையைத் தரைக்குள் மடித்துக் காட்டிய ஓப்பல் ஸஃபீராவும். அங்கே பிற்பாடு எஸ்யூவி அலை இந்த வகையையே விழுங்கிவிட்டது. இந்தியக் குடும்பங்களுக்குக் கிடைத்தவை வேறு சாதி வண்டிகள்: 1984 முதல் ஆம்னி, 2000-இல் குவாலிஸ், 2004-இல் டவேரா, 2005-இல் இன்னோவா. ஆம்னி ஒரு பெட்டி. மற்ற மூன்றும் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. ஸ்விஃப்ட் ஓட்டியவர் பயமில்லாமல் ஏறி ஓட்டக்கூடிய, 4,265 மி.மீ. நீளத்துக்குள் மூன்று வரிசையை அடக்கிய வண்டியாக எர்டிகா 2012-இல் வந்தபோதுதான் இங்கே இந்த வகை வேர்பிடித்தது. பின்னாலேயே நிஸான் எவாலியா, செவர்லே என்ஜாய், ஹோண்டா மொபிலியோ, ரெனோ லாட்ஜி, டட்சன் கோ பிளஸ், மஹிந்திரா மராஸோ, ரெனோ டிரைபர், கியா கேரன்ஸ் என்று ஒரு பட்டாளம் இறங்கியது. இவற்றில் எவாலியா, லாட்ஜி, கோ பிளஸ், டிரைபர் ஆகியவை ஒரகடத்தில் உருவானவை. எவாலியா, என்ஜாய், மொபிலியோ, லாட்ஜி, கோ பிளஸ், மராஸோ ஆறும் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே செகண்ட் ஹேண்ட் சந்தைக்குப் போகிறவர் முன்னால் நிற்பவை இரண்டு ரகம்: கம்பெனி இன்னும் தாங்கிப் பிடிக்கும் வண்டிகள், கம்பெனி கைவிட்ட வண்டிகள். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்தப் பிரிவினையிலிருந்துதான் வருகிறது.

வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது டிக்கியைத்தான். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் ஏழு இருக்கையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். கடைசி வரிசையை மடக்கினால் 550 லிட்டர். முந்தைய தலைமுறை டிசையரின் டிக்கி 378 லிட்டர் என்பதோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். ஏழு பேரை ஏற்றினால் சின்ன செடானில் கொள்ளும் சாமான்கூடக் கொள்ளாது; ஐந்து பேரோடு நிறுத்தினால் செடானைவிட ஒன்றரை மடங்கு இடம். டிரைபரில் இந்த முரண் இன்னும் கூர்மை: ஏழு இருக்கையோடு 84 லிட்டர், கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். அதாவது இந்த வண்டிகள் ஏழு பேரையோ அவர்களுடைய பெட்டிகளையோ கொண்டுபோகும். இரண்டையும் சேர்த்து அல்ல. உள்ளூர்க் கல்யாணத்துக்கு ஏழு பேர் போகலாம். நாலு நாள் சுற்றுலாவுக்கு ஏழு பேர் கிளம்பினால் கூரையில் கேரியர் கட்ட வேண்டிவரும். எனவே ஏழு இருக்கை வண்டி என்ற விளம்பரத்தை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். தாராளமான ஐந்து இருக்கை வண்டி, அவசரத்துக்கு இரண்டு இருக்கை கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறவருக்கு ஏமாற்றம் இருக்காது.

யார் எங்கே உட்காருவது என்பதும் வாங்குமுன் யோசிக்கவேண்டியது. பெரியவர்களுக்காகத்தான் மூன்றாம் வரிசை என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் முழங்கால் வலி உள்ளவர், நடு இருக்கையை நகர்த்தி, குனிந்து, உடம்பைத் திருப்பி அங்கே போய் உட்கார முடியாது. பெரியவர்கள் நடுவில், பிள்ளைகள் பின்னால் என்பதே நடைமுறையில் நிலைக்கும் ஏற்பாடு. அதுவும் பிள்ளைகள் சைல்ட் சீட் பருவத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நடு வரிசையின் இரு ஓரங்களிலும் சைல்ட் சீட் மாட்டிவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். கைக்குழந்தைகள் இருவர் உள்ள வீட்டுக்கு, ஆறு இருக்கை கொண்ட மாருதி எக்ஸ்எல்6 போன்றவற்றில் நடுவே கிடைக்கும் இடைவெளி பெரிய உதவி. பின்வரிசைக்குத் தனி ஏசி காற்று வருகிறதா என்பதையும் சித்திரை வெயிலில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று எடை. ஏழு பேர் ஏறினால் நானூற்று ஐம்பது கிலோ கூடுகிறது. பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும், வேகத்தடையில் அடி தட்டும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். 72 குதிரைத்திறன் கொண்ட டிரைபரின் ஒரு லிட்டர் எஞ்சின் நகரத்தில் நாலு பேருக்குப் போதும். ஏழு பேரோடு கொடைக்கானல் ஏறும்போது முதல் இரண்டு கியரைத் தாண்ட விடாது.

இனி, ஏன் பழையது என்ற கேள்வி. எர்டிகா நாலு மீட்டருக்கு மேல் நீளமானது என்பதால் 2025 செப்டம்பர் வரை ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 45 விழுக்காடு. அதன் பின் 40 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த ஆயுள் வரி இதற்கு மேல் வருகிறது: 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18. பதினொரு லட்ச ரூபாய் வண்டிக்கு ஆயுள் வரி மட்டும் ஏறத்தாழ 2 லட்சம். இந்த வரிகள் அனைத்தும் அந்தக் கடைசி வரிசைக்கும் சேர்த்துத்தான் வசூலிக்கப்படுகின்றன. மாநிலத்துக்குள்ளேயே கைமாறும் வண்டிக்கு ஆயுள் வரியை மறுபடி கட்டவேண்டியதில்லை. தனியார் ஒருவர் தன் சொந்த வண்டியை இன்னொருவருக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற வியாபாரி விற்றால், 2025 ஜனவரி முதல், அவருக்குக் கிடைக்கும் லாபத் தொகைக்கு மட்டும் 18 விழுக்காடு. ஓட்டுச் செலவிலும் இந்த அளவு வண்டி கையைக் கடிக்காது. 1,000 முதல் 1,500 சிசி வரையான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம், 2022 அறிவிப்பின்படி, ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1,500 சிசியைத் தாண்டும் இன்னோவாவுக்கு 7,897. நேர்மையாகச் சொல்வதானால், நாலு மீட்டருக்குள் அடங்கும் டிரைபருக்கு இந்த வாதம் வலுவிழந்திருக்கிறது. புது வரி விகிதத்தில் அதற்கு 18 விழுக்காடுதான். இரண்டே ஆண்டு ஓடிய டிரைபருக்கும் புதியதற்கும் வித்தியாசம் சொற்பம் என்றால் புதியதை வாங்குவதே புத்தி.

இங்கே முதல் மறுப்பு எழும்: பழைய எர்டிகாவின் விலைதான் இறங்குவதே இல்லையே? உண்மை. டாக்ஸி உரிமையாளர்களும் குடும்பத்தாரும் ஒரே வண்டிக்குப் போட்டியிடுவதால் அதன் விலை நின்று நிதானித்தே இறங்குகிறது. காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடும் அட்டவணை, நாலாண்டு கடந்த வண்டிக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கிறது. சந்தை அவ்வளவு கழிப்பதில்லை. அதனால் ஐந்தாறு வருட எர்டிகாவைச் சந்தை விலைக்கு வாங்குகிறவர், வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கொடுத்ததைவிடக் குறைந்த தொகையையே பெறக்கூடும். ஆனால் இதே விடாப்பிடியான விலை, மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டு விற்கும்போது அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. பார்க்கவேண்டியது வாங்கும் விலையை அல்ல. வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியோடு அந்தக் காலத்துப் பழுதுச் செலவையும் சேர்த்த தொகையை. அந்தக் கணக்கில் கைவிடப்பட்ட மாடல்களின் மலிவு கரையத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் அல்ல. லாட்ஜியின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் டஸ்டரிலும் இருந்தது; என்ஜாயின் 1.3 டீசல், ஸ்விஃப்டிலும் பழைய எர்டிகாவிலும் ஓடிய ஃபியட் எஞ்சினின் உறவு. மொபிலியோவின் எஞ்சின்களை ஹோண்டாவின் மற்ற கார்களிலும் காணலாம். ஆகவே எஞ்சின் வேலைக்கு ஆளும் சாமானும் கிடைக்கும். திண்டாட்டம் அந்த மாடலுக்கே உரிய பாகங்களில்: ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, மூன்றாம் வரிசையின் பூட்டுக் கொக்கி. சின்ன உரசலுக்குப் பின் ஒரு விளக்குக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் வண்டி வீட்டின் ஒரே வண்டியாக இருந்தால், மிச்சம் பிடித்த பணம் ஆட்டோவுக்கே போய்விடும். 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லேவின் வண்டியை, பழைய பாகம் தேடிப் பிடிக்கும் மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர் மட்டுமே யோசிக்கலாம்.

இரண்டாம் மறுப்பு, பழைய வண்டி என்பது ஊரான் தலைவலியை விலைக்கு வாங்குவது என்பது. இந்த வகையில் அந்தத் தலைவலிக்குப் பெயர் டாக்ஸி. மஞ்சள் போர்டில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பின்பு வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்ட எர்டிகாக்கள் சந்தையில் உண்டு. மீட்டரைத் திருப்பிவைப்பது புதிய வித்தை அல்ல. ஆனால் வண்டி தன் வரலாற்றைப் பல இடங்களில் எழுதிவைத்திருக்கும். ஆர்சியிலும் அரசின் வாகன் தரவுத்தளத்திலும் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, காப்பீடு எதுவரை என்பவை பதிவாகியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் எத்தனை கிலோமீட்டர் என்ற வரலாறு பெரும்பாலும் கிடைத்துவிடும். டாக்ஸிகளுக்கு மணிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமானபின் ஓடியவற்றில் அதை அகற்றிய ஒயர் தடம் இருக்கலாம். ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, பெடல் ரப்பரின் தேய்வு, நடு வரிசையின் நைந்த உறை ஆகியவை மீட்டர் காட்டும் எண்ணோடு ஒத்துப்போகவேண்டும். குடும்ப வண்டியில் முன்சீட்டுதான் அதிகம் நைந்திருக்கும், மூன்றாம் வரிசை புதிதுபோல இருக்கும். மூன்று வரிசையும் ஒரே அளவில் நைந்திருந்தால் அது கூலிக்கு ஓடிய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நினைவில் இருக்கட்டும். கார்பெட்டைத் தூக்கி, பெல்ட்டை முழுநீளம் வெளியே இழுத்து, சீட்டுக்கு அடியிலுள்ள ஒயர் இணைப்புகளைப் பார்த்தால் சேறும் துருவும் உண்மையைச் சொல்லிவிடும். வெளிமாநிலத்து மலிவு வண்டிக்கு என்ஓசி, மறுபதிவு, இங்கே கட்டவேண்டிய ஆயுள் வரி எல்லாம் சேர்த்த பிறகே மலிவா என்று முடிவுக்கு வரவேண்டும்.

காகித வேலையை இங்கே விட்டுவிட முடியாது, ஏனென்றால் ஆபத்து விற்பவருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தகவல் தெரிவிக்கவேண்டும்; படிவம் 29, 30 அதற்கானவை. பெயர் மாற்றாமல் விட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சேரும் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தெளிவாக்கியது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவுசெய்தால் பொறுப்பு அவருக்கு மாறும் என்கின்றன. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டியைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு இனி எந்தச் சாக்கும் இல்லை.

எரிபொருளைப் பொறுத்தவரை, மாருதி, ரெனோ இரண்டும் 2020-இன் பிஎஸ்6 விதியோடு டீசலை விட்டுவிட்டதால் சந்தையில் இருக்கும் டீசல் எர்டிகாவும் லாட்ஜியும் குறைந்தது அரைப் பத்தாண்டு வயதானவை. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டாத குடும்பத்துக்கு டர்போ, இன்ஜெக்டர் பழுதுச் செலவை டீசல் மிச்சம் ஈடுகட்டுவது கடினம். லாட்ஜியில் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதையும் கேட்டு வாங்கவேண்டும். சிஎன்ஜி எர்டிகா சிக்கனமானதுதான். ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்வதால், இந்த வண்டியை வாங்குவதற்கான காரணமாகிய இடத்தையே அது தின்றுவிடுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குப் பெட்ரோலே சரி. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு பாதுகாப்பு. எர்டிகா 2019-இல் குளோபல் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரம் பெற்றது. கூடு நிலையற்றது என்ற குறிப்போடு. சோதனை முறை கடுமையாக்கப்பட்ட பின் 2024-இல் பெரியவர் பாதுகாப்பில் ஒன்று, குழந்தை பாதுகாப்பில் இரண்டு எனச் சரிந்தது. பழைய முறையில் மராஸோவும் டிரைபரும் பெரியவர் பாதுகாப்பில் நான்கு பெற்றிருந்தன. இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. இந்த வண்டிகளில் கடைசி வரிசையில் இருப்பவரின் தலைக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் இடம்தான். பின்னால் லாரி மோதினால் தாங்க அங்கே எதுவும் இல்லை. இதற்குச் செய்யக்கூடியது மூன்று. ஏபிஎஸ், ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலைக்குள் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டன. அதற்கு முந்தைய வண்டியின் மலிவை மலிவாகக் கருதக்கூடாது. ஆறு ஏர்பேக்குகளை எல்லா ரகத்திலும் கொடுத்த கேரன்ஸ் போன்றவை சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டதால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர் அங்கே பார்க்கலாம். நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தானா, மூன்று முனை பெல்ட்டா என்று பார்த்து, பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டத்தை வீட்டு விதியாக்கவேண்டும். இரவு நெடுஞ்சாலைப் பயணத்தில் கடைசி வரிசையை மடக்கியே வைப்பது இதன் தர்க்கபூர்வமான முடிவு. கடைசி வரிசை எப்போதாவதுதான், அதுவும் உள்ளூருக்குத்தான் என்னும் இந்தக் கட்டுரையின் நிலைப்பாட்டுக்கு, டிக்கியைவிட உறுதியான சான்று இதுவே.

அப்படியானால் சின்னக் கார் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இன்னோவாவை வாடகைக்கு எடுத்தால் போதாதா? வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வக் கோயில், இரண்டு வருடத்துக்கு ஒரு சுற்றுலா என்றிருக்கும் வீட்டுக்கு இதுவே சரியான விடை. அவர்கள் எர்டிகா வாங்கவேண்டாம். ஆனால் ஏழு பேர் பயணத்தைவிட ஐந்தேகால் பேர் பயணங்களே குடும்பத்தில் அதிகம்: அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும்போது சக்கர நாற்காலியும் வரவேண்டும்; பள்ளி விட்டதும் அண்ணன் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளவேண்டும்; ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் வரும். இதற்கெல்லாம் யாரும் வாடகை வண்டி கூப்பிடுவதில்லை. சின்னக் காரில் நெருக்கிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் இரண்டு நடை போகிறார்கள். மாறாக, வாரந்தோறும் ஏழு பேரும் சாமானும் என்ற நிலை உண்மையிலேயே இருந்தால் அந்த வீட்டுக்குப் பழைய இன்னோவாதான் பொருத்தம். அதன் எரிபொருளும் காப்பீடும் அந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கூலி.

ஆக, இந்த வண்டிக்குரிய குடும்பத்தை அடையாளம் காட்டிவிடலாம். நாலைந்து பேர், கூடவே இருக்கும் அல்லது அடிக்கடி வந்துபோகும் பெரியவர்கள், சைல்ட் சீட் பருவம் தாண்டிய பிள்ளைகள், பெரும்பாலும் நகரமும் பகல் பயணமும். அவர்கள் தேடவேண்டியது 2019 ஜூலைக்குப் பிந்தைய, தொடக்கம் முதல் வெள்ளை போர்டில் ஒரே கையில் ஓடிய, சர்வீஸ் வரலாறு முழுமையாக உள்ள, இதே மாநிலத்துப் பெட்ரோல் வண்டி. எந்த மாடல் என்பது அதற்கு அடுத்த கேள்விதான். இந்த நிபந்தனைகளில் இரண்டைத் தளர்த்தினால்தான் வண்டி கிடைக்கும் என்றால், தளர்த்துவதைவிட இன்னும் இரண்டு மாதம் தேடுவது நல்லது. இந்த வகையில் வரத்துக்குக் குறைவில்லை. மாதம் ஒருமுறைகூடக் கடைசி வரிசையை நிமிர்த்தப் போவதில்லை, பெரிய டிக்கிக்கும் வேலையில்லை என்று தெரிந்தவர், அதே பணத்தில் கிடைக்கும் இன்னும் புதிய, இன்னும் பாதுகாப்பான ஐந்து இருக்கை காரை வாங்கட்டும்.